டெக் ரெடி, கேசட் ரெடி... புது டிவியில் படம் மட்டும் வராதது ஏன்?

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நெருங்குகிறது. மண்டபத்தில் எல்இடி திரை உண்டு என்று சொல்லிவிட்டார்கள். 'அதுல உங்க முதல் கல்யாண வீடியோவை ஒரு பத்து நிமிஷம் ஓட்டினா எப்படி இருக்கும்?' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கொளுத்திப் போடுகிறார்கள். வரிசையாக ஹார்ட் விழுகிறது. பரணில் இருந்து கேசட் இறங்குகிறது. மேல் அட்டையில் பூ படம், மணமக்கள் பெயர், 1992 என்று ஸ்கெட்ச் பேனா எழுத்து. அதில் தாத்தா நடந்து வருவார். இன்று உயிரோடு இல்லாத நாலைந்து பேர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பாட்டியின் குரல் பதிவாகியிருக்கும் ஒரே இடமும் அதுதான்.

மாமா வீட்டில் இருந்து பழைய டெக்கும் வந்துவிட்டது. ஆனால் 55 இன்ச் ஸ்மார்ட் டிவியின் பின்பக்கம் பார்த்தால் எல்லாமே எச்டிஎம்ஐ. டெக்கின் பின்பக்கம் ஒன்றுகூட எச்டிஎம்ஐ கிடையாது. நடுவில் டிடிஎச் பாக்ஸ் வேறு. இங்கேதான் பலரும் கேசட்டைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. இணைப்பது அரை மணி நேர வேலை. அவசரப்பட்டால் மட்டும் கேசட் போய்விடும். அதனால் வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

ஒயருக்கு முன்னாடி பிளக்

டெக் எங்கே வாங்கியது என்று முதலில் கேளுங்கள். 80, 90-களில் நம் ஊருக்கு வந்த டெக்குகளில் பல சிங்கப்பூரில் இருந்தோ வளைகுடாவில் இருந்தோ சூட்கேஸோடு வந்தவை. அவை பெரும்பாலும் 220 முதல் 240 வோல்ட்டுக்கு ஆனவை என்பதால் பிரச்னை இல்லை. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கியது என்றால் கதை வேறு. அமெரிக்க டெக் 120 வோல்ட், ஜப்பான் டெக் 100 வோல்ட். அதை அப்படியே நம் வீட்டு 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் ஒரு நொடியில் புகை வரும். டெக்கின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்டேஜ் எழுதியிருக்கும். டார்ச் அடித்துப் படித்துவிட்டு அப்புறம் பிளக்கைத் தொடுங்கள்.

அதே தகட்டில் இன்னொன்றும் பார்க்கலாம்: விசிஆரா, விசிபியா? விசிஆர் பதிவு செய்யும், ஓட்டும். விசிபி ஓட்ட மட்டும்தான் செய்யும். நம் ஊரில் இரண்டுக்கும் பெயர் 'டெக்'தான். கல்யாண கேசட் பார்க்க விசிபியே போதும். சொல்லப்போனால் அதுதான் பாதுகாப்பு. தப்பித் தவறி சிவப்பு பட்டனை அழுத்தி முகூர்த்தத்தை அழிக்கும் ஆபத்து அதில் இல்லை.

விசிஆர் என்றால், கேசட்டின் முதுகுப்பக்க ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் அந்த கேசட்டில் மறுபடி பதிவு செய்ய முடியும். உடைத்து எடுத்துவிட்டால் டெக் பதிவு செய்ய மறுத்துவிடும். கல்யாண கேசட்டில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் இப்போதே நெம்பி எடுத்துவிடுங்கள்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு

டெக்கின் பின்னால் இரண்டு வகை வாசல் இருக்கும். ஒன்று, ஆன்டெனா ஒயர் செருகும் தடித்த உருளை சாக்கெட். இன்னொன்று, வட்டமான ஏவி சாக்கெட்டுகள். மஞ்சளில் படம், வெள்ளையிலும் சிவப்பிலும் ஒலி. மோனோ டெக் என்றால் ஒலிக்கு ஒரே ஒரு சாக்கெட்தான் இருக்கும், அதை டிவியின் வெள்ளையில் கொடுத்தால் போதும். டெக்கில் 'அவுட்' என்று எழுதியதில் இருந்து டிவியில் 'இன்' என்று எழுதியதற்குப் போக வேண்டும். கேட்க சில்லியாக இருக்கும், ஆனால் 'படம் வரல' புகாரில் பாதி இந்த இடத்தில்தான்.

இப்போது டிவி பக்கம் வருவோம். இன்றைய டிவிகளில் மூன்று விதம்.

மஞ்சள் சாக்கெட் நேரடியாக இருந்தால் அதிர்ஷ்டம். சில மாடல்களில் மஞ்சள் தனியாக இருக்காது, பச்சை சாக்கெட்டின் ஓரத்தில் 'வீடியோ' என்று பொடியாக எழுதியிருக்கும். அந்தப் பச்சையில்தான் மஞ்சள் பின்னைச் செருக வேண்டும். நிறம் பொருந்தவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது விதம், ஹெட்போன் ஓட்டை மாதிரி 'ஏவி இன்' என்று ஒரே ஒரு சின்ன துளை. டிவி வாங்கியபோது பெட்டிக்குள் ஒரு குட்டி ஒயர் வந்திருக்கும், ஒரு முனை ஒற்றைப் பின், மறுமுனை மூன்று நிறம். யாரும் அதைப் பத்திரப்படுத்துவதில்லை. கடையில் வேறு ஒயர் வாங்கினால் ஒரு சிக்கல் உண்டு. பின்னின் எந்த வளையத்தில் படம், எதில் ஒலி என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். படம் வராமல் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று இரைந்தால் ஒயர் கெட்டுப்போகவில்லை. மஞ்சளைச் சிவப்பில் மாற்றிச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் படம் வந்து நிற்கும்.

மூன்றாவது, ஏவியே இல்லாத டிவி. இதற்குத்தான் ஏவி டு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர், தீப்பெட்டி சைஸில் ஒரு டப்பா. ஆன்லைனில் ஆர்டர் போடும்போது திசையைக் கவனியுங்கள். 'ஏவி டு எச்டிஎம்ஐ' வேறு, 'எச்டிஎம்ஐ டு ஏவி' வேறு. பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒருவழிப் பாதை. தப்பானதை வாங்கினால் எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யாது. கூடவே அதற்கு யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் கரண்ட் வேண்டும். டிவியின் யுஎஸ்பியில் இருந்தோ போன் சார்ஜரில் இருந்தோ கொடுக்கலாம். பாலா, என்டிஎஸ்சியா என்று கேட்கும் சின்ன ஸ்விட்ச் இருந்தால் பாலில் வையுங்கள்.

கன்வெர்ட்டர் கையில் வரும்வரை பொறுமை இல்லையா? டிவியில் ஆன்டெனா சாக்கெட் இருந்தால் ஒரு பழைய வழி இருக்கிறது. டெக்கின் ஆர்எஃப் அவுட்டில் இருந்து டிவியின் ஆன்டெனாவுக்கு ஒரு ஒயர். டெக்கில் ஏதாவது ஒரு கேசட்டை ஓடவிட்டு, டிவியில் 'அனலாக் சேனல்' தேடலைத் தட்டுங்கள். டெக் தானே ஒரு குட்டி டிவி ஸ்டேஷன் மாதிரி யுஎச்எஃப் பகுதியில் ஒலிபரப்பும், டிவி அதை ஒரு சேனலாகப் பிடித்துவிடும். படம் சுத்தமாக இருந்தும் ஒலிக்குப் பதில் இரைச்சல் மட்டும் கேட்டால், டிவி மெனுவில் சவுண்ட் சிஸ்டத்தை 'பிஜி' என்று மாற்றிப் பாருங்கள். தரத்தில் ஏவியை விட இது ஒரு படி கீழ்தான். அவசரத்துக்கு ஓகே.

நடுவில் உட்கார்ந்திருக்கும் டிடிஎச் பாக்ஸ்

மாடியில் இருக்கும் டிஷ்ஷில் இருந்து வரும் ஒயரை டெக்கில் செருகலாமா? கூடாது. அது சாதாரண ஆன்டெனா ஒயர் மாதிரி தெரிந்தாலும், உள்ளே ஓடுவது வேறு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் கரண்ட்டை பாக்ஸ் இதே ஒயரில்தான் மேலே அனுப்புகிறது. கீழே வரும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. டெக்கின் ட்யூனருக்கு அந்த மொழியே தெரியாது. ஆகவே டிஷ் ஒயர் பாக்ஸுக்கு மட்டும். பாக்ஸின் ஏவி அவுட்டில் இருந்து டெக்கின் ஏவி இன், டெக்கின் ஏவி அவுட்டில் இருந்து டிவி. பாக்ஸ், டெக், டிவி என்று ரயில் பெட்டி மாதிரி கோர்த்தால் முடிந்தது.

டிவியில் ஒரே ஒரு ஏவி வாசல் இருந்து, பாக்ஸும் டெக்கும் அதற்காகச் சண்டை போட்டால் இந்தக் கோர்வை கைகொடுக்கும். ஆனால் டெக் ஆனில் இருந்தால்தான் பாக்ஸின் படம் அதைத் தாண்டி டிவிக்கு வரும். 'டிடிஎச் வேலை செய்யல' என்று கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன் டெக் ஆஃபில் இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். உங்கள் பாக்ஸ் எச்டி என்றால் அது எச்டிஎம்ஐ வழியாகவே டிவிக்குப் போகட்டும், டெக் தனியாக ஏவி வழியே வரட்டும். ரிமோட்டில் சோர்ஸ் மாற்றினால் போதும். எச்டி படத்தை டெக் வழியே சுற்றிவிட்டுப் பார்ப்பதில் எந்த லாபமும் இல்லை.

பாட்டி கேட்பார்: 'அப்போ சீரியலைப் பதிவு பண்ணிக்கலாமா?' பண்ணலாம். டெக்கின் சேனலை 'ஏவி' அல்லது 'எல்1' என்று வைத்து ரெக்கார்ட் அழுத்தினால் பாக்ஸில் ஓடுவது கேசட்டில் ஏறும். ஆனால் 90-களில் இருந்த ஒரு வசதி இப்போது கிடையாது. அன்றைக்கு கேபிள் ஒயரில் எல்லா சேனலும் சேர்ந்தே வரும், டெக்கிலும் ட்யூனர், டிவியிலும் ட்யூனர். டெக் ஒரு சேனலைப் பதிவு செய்ய, வீட்டில் வேறு சேனல் பார்க்கலாம். இப்போது சேனலைத் தேர்ந்தெடுப்பது பாக்ஸ் ஒன்றுதான். டெக் பதிவு செய்யும்போது யாராவது ரிமோட்டில் கிரிக்கெட்டுக்குத் தாவினால் கேசட்டிலும் கிரிக்கெட்தான். டைமர் போட்டாலும் இதே கதை. டெக் சரியான நேரத்தில் விழித்துக்கொள்ளும், ஆனால் பாக்ஸ் தூங்கிக்கொண்டிருந்தால் மூன்று மணி நேரம் கறுப்புத் திரை பதிவாகும்.

எச்டிஎம்ஐயில் இருந்து பதிவு செய்ய முடியாதா என்ற கேள்விக்கு பதில் எச்டிசிபி. பாக்ஸும் டிவியும் எச்டிஎம்ஐயில் முதலில் ஒரு ரகசியக் கைகுலுக்கல் செய்துகொள்கின்றன. நடுவில் பதிவுக் கருவி வந்தால் பாக்ஸ் படத்தை நிறுத்திவிடும். பென் டிரைவில் பதிவு செய்யும் வசதி உள்ள பாக்ஸ்களிலும் பெரும்பாலும் அந்தப் பதிவு அதே பாக்ஸில் மட்டும்தான் ஓடும். லேப்டாப்பில் செருகினால் ஒன்றும் தெரியாது. பாக்ஸ் போனால் பதிவும் போச்சு. 1992-ல் பதிவான கேசட்டோ இன்றைக்கும் எந்த டெக்கில் போட்டாலும் ஓடத் தயாராக இருக்கிறது. முன்னேற்றம் என்பது இதுதானா என்று தோன்றாமல் இல்லை.

ஒயர் எல்லாம் சரி, ஆனாலும் 'நோ சிக்னல்'

இதில்தான் நிறைய பேர் 'கேசட் செத்துப்போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உண்மையில் கேசட் பிழைத்துத்தான் இருக்கும், டிவிதான் அதைப் பார்க்க மறுக்கிறது. இது ஏன் என்று புரிய டெக்குக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

விஎச்எஸ் கேசட்டுக்குள் இருப்பது அரை இன்ச் அகல டேப். மூன்று மணி நேர கேசட்டில் சுமார் 250 மீட்டர். டெக்குக்குள் சாய்வாக ஒரு பளபளப்பான உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது. அதில் பதித்த இரண்டு நுண்ணிய ஹெட்டுகள் மெதுவாக நகரும் டேப்பைச் சாய்வாக உரசியபடி போகின்றன. ஒவ்வோர் உரசலும் ஒரு கோடு, நொடிக்கு 50 கோடு. ஒரு கோட்டின் அகலம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான், தலைமுடியை விட மெல்லியது. முப்பது வருஷத்தில் டேப் துளி நீண்டிருந்தாலோ, டெக்கின் ரப்பர் இறுகியிருந்தாலோ அந்த ஓட்டத்தில் நடுக்கம் வரும். பழைய பிக்சர் ட்யூப் டிவி அந்த நடுக்கத்தோடு சேர்ந்து ஆடும், படம் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். புது டிவி அப்படி இல்லை. சிக்னல் சீராக இல்லை என்றால் நீலத் திரையைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும்.

எனவே முதலில் டெக்கின் ட்ராக்கிங் பட்டனை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். கீழே ஓடும் வெள்ளைக் கோடுகள் அதிலேயே மறையக்கூடும். அதற்கும் மசியவில்லை என்றால் பக்கத்து வீட்டிலோ ஊரிலோ பழைய டிவி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் படம் தெரிந்தால் கேசட் நலம். பிறகு டெக்குக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்துப் பார்க்கலாம். ப்ளேயர் அல்ல, ரெக்கார்டர். பல மாடல்களில் அது தள்ளாடும் சிக்னலை வாங்கிச் சீராக்கித் தரும்.

படம் முழுக்கப் பனி கொட்டுவது போல் இருந்து ஒலி மட்டும் கேட்டால், ஹெட்டில் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியை உருளையின் பக்கத்தில் லேசாக ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உருளையை மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்ற வேண்டியது உருளைதான், துணி அசையக் கூடாது. மேலும் கீழுமாகத் துடைத்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பட்ஸ் வேண்டவே வேண்டாம், அதன் பஞ்சு இழை ஹெட்டில் சிக்கினால் கதை முடிந்தது. கை நடுங்கும் என்றால் பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடிப்பதே நல்லது. ஒவ்வோர் ஊரிலும் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள், இப்போது எல்இடி டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டு.

கல்யாண கேசட்டை முதலில் போடாதீர்கள்

இந்த ஒரு விஷயத்தை மட்டும் தவற விடாதீர்கள். வருஷக்கணக்கில் ஓடாத டெக், டேப்பை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விட மறுக்கலாம். அப்படிச் சிக்கிய டேப் கசங்கிய புடவை மாதிரி வரும், சுருக்கம் விழுந்த இடத்தில் படம் நிரந்தரமாகப் போய்விடும். அதனால் முதலில் யாருக்கும் வேண்டாத ஒரு பழைய சினிமா கேசட்டைப் போட்டு, ஓட்டி, நிறுத்தி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடினால் அப்புறம் முகூர்த்தம். சினிமா கேசட்டில் படம் வெளிச்சமாகவும் மங்கலாகவும் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம், அது காப்பி அடிப்பதைத் தடுக்கப் போட்ட பூட்டாக இருக்கலாம். கல்யாண கேசட்டில் அது இருக்காது.

கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். கறுப்பாகப் பளபளவென்று இருந்தால் நல்லது. வெள்ளையாகப் பொடி படிந்த மாதிரியோ நூல் ஓடிய மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில், அதுவும் கடலோர ஊர்களில், இது ரொம்ப சகஜம். பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போட்டால் அந்த டேப்பும் கிழியலாம், ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்து தரும் ஆட்களிடம் கொடுப்பதுதான் ஒரே வழி. வெயிலில் காய வைக்கும் யோசனையை அத்தை சொல்வார். வேண்டாம், டேப் வளைந்துவிடும்.

கேசட் நன்றாக இருந்தால், ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கடைசி வரை சுற்றி, திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரிந்து சீராகும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் அனுப்பிய கேசட் என்றால் அது என்டிஎஸ்சி முறை. சாதாரண பால் டெக்கில் போட்டால் படம் உருளும். 'மல்டி சிஸ்டம்' அல்லது 'என்டிஎஸ்சி ப்ளேபேக்' என்று எழுதிய டெக் வேண்டும்.

பார்த்தால் மட்டும் போதாது

ஒவ்வொரு முறை ஓடும்போதும் டேப் கொஞ்சம் தேயும். அதனால் நன்றாக ஓடும் முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். டெக்கின் ஏவி அவுட்டை டிவிக்குப் பதில் யுஎஸ்பி கேப்சர் கருவியில் கொடுத்து, அதை லேப்டாப்பில் செருக வேண்டும். ஓபிஎஸ் ஸ்டுடியோ மாதிரி இலவச மென்பொருளே போதும். வீடியோ முறை பால் பி, அளவு 720க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம். 'டீஇன்டர்லேஸ்' என்ற வசதியை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் யாராவது கையை அசைத்தால் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். 4:3 படத்தை டிவி அகலத்துக்கு இழுக்காதீர்கள், கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

இதில் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் கிடையாது. மூன்று மணி நேர கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். 5 எம்பிபிஎஸ் அளவில் பதிவு செய்தால் சுமார் 7 ஜிபி வரும். லேப்டாப்பின் ஸ்லீப் மோடையும் நோட்டிஃபிகேஷன் சத்தத்தையும் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். தாலி கட்டும் நேரத்தில் 'டிங்' என்று மெயில் வந்த சத்தம் கேட்டால் நன்றாக இருக்காது. முதல் இரண்டு நிமிஷம் பதிவானதும் நிறுத்தி, ஒலி வருகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். முழுக் கேசட்டையும் ஊமையாக ஏற்றியவர்கள் கணிசம்.

யூடியூபில் ஏற்றும் திட்டம் இருந்தால் ஒரு சின்ன எச்சரிக்கை. அந்தக் காலத்து கல்யாண வீடியோக்களில் நாதஸ்வரத்துக்குப் பதிலாகப் பாதி இடத்தில் சினிமா பாட்டுதான் ஓடும், பூக்களுக்கு நடுவே மணமக்கள் முகம் சுழலும் எஃபெக்டோடு. காப்புரிமை சாஃப்ட்வேர் அதைக் கண்டுபிடித்தால் வீடியோ முடக்கப்படலாம், ஒலி மட்டும் அடைக்கப்படலாம். சொந்தக்காரர்களுக்கு டிரைவ் லிங்க்காக அனுப்புவது சுலபம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

எத்தனை நாள் தள்ளிப் போடலாம்?

விஎச்எஸ்ஸை ஜப்பானின் ஜேவிசி அறிமுகம் செய்தது 1976-ல். கடைசிவரை விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம், உதிரிபாகங்கள் கிடைக்கவில்லை என்று 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகூட அது சுமார் 7.5 லட்சம் விசிஆர் விற்றிருந்தது. ஆக, இனி புது டெக் வராது. இப்போது கிடைக்கும் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து வருஷப் பழசு, பெரும்பாலானவை முப்பது. ஒன்று கெட்டால் இன்னொன்றில் இருந்து ரப்பரும் பெல்ட்டும் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். கேசட்டும் டெக்கும் ஒரே நேரத்தில் வயதாகிக்கொண்டிருக்கின்றன.

ஏற்றி முடித்ததும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல கருவி கிடைத்தால் மறுபடி ஏற்ற வேண்டி வரலாம். ஆரம்பம் வரை சுற்றி, புத்தகம் அடுக்குவது மாதிரி நிற்க வைத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல் பீரோவுக்குள் வையுங்கள். பரண் வேண்டாம், அங்கே ஓட்டுச் சூடு. ஃபைலின் ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கிளவுடில் இருக்கட்டும். ஃபைல் பெயரில் தேதியும் மண்டபமும் ஊரும் எழுதுங்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று அம்மாவையும் பெரியம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு, எத்தனையாவது நிமிஷத்தில் யார் வருகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மண்டபத்துத் திரைக்கு வேண்டிய பத்து நிமிஷத்தை வெட்டி எடுக்க எடிட்டருக்கு அந்தத் தாள்தான் வேண்டும்.